லேப் கோடிலிருந்து ஆய்வுத் தரவுக்கு: பெயரைப் பார்த்து மேப் செய்தால் போதுமா?

தரமணி_தரவு எழுதியது:

வணக்கம். நீரிழிவு ஆய்வு ஒன்றுக்கு டேட்டா மேனேஜ்மென்ட் பார்க்கிறேன். சென்னையில் வெவ்வேறு பகுதிகளில் இருக்கும் லேப்களிலிருந்து ரிசல்ட் வருகிறது. சிலர் எக்செல் அனுப்புகிறார்கள், சிலர் சிஎஸ்வி, சிலர் வெறும் பிடிஎஃப். ஒவ்வொரு லேபும் தன் சாஃப்ட்வேரில் தனக்கென்று ஒரு கோடு வைத்திருக்கிறது. இவற்றை முதலில் லாயின்க் (லேப் டெஸ்ட்களுக்கான உலகப் பொதுக் கோடு முறை) கோடாக மாற்ற வேண்டும். அப்புறம் சிடிஸ்க் தரத்தில் எஸ்டிடிஎம் என்ற ஆய்வுத் தரவு அமைப்பின் எல்பி (லேப் ரிசல்ட்) டேபிளுக்குக் கொண்டுபோக வேண்டும். அதே டேட்டா ஓமாப் (பல மருத்துவமனை டேட்டாவை ஒரே அமைப்பில் வைக்கும் முறை) வடிவத்திலும் வேண்டும் என்று இப்போது கேட்கிறார்கள்.

கையில் இருக்கும் ஷீட்டில் மூன்றே காலம் (பத்தி): லேப் கோடு, டெஸ்ட் பெயர், யூனிட். மாதிரிக்குச் சில வரிகள்:

ஜிஎல்யு01 | குளுக்கோஸ் | மிகி/டெசிலி
யுஆர்01 | பிளட் யூரியா | மிகி/டெசிலி
பிஎல்டி | பிளேட்லெட் கவுன்ட் | லட்சம்/கியூமிமீ
எஸ்ஜிபிடி | எஸ்ஜிபிடி | யூனிட்/லி
யுஎஸ்ஜி | யூரின் சுகர் | (காலி)

லாயின்க் தளத்தில் குளுக்கோஸ் என்று தேடினால் பக்கம் பக்கமாகக் கோடு வருகிறது. பெயர் பொருத்தம் பார்க்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் வேலை முடிந்துவிடும் என்கிறார் டீமில் ஒருவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வேலை செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_சாஸ் எழுதியது:

ஒப்பாதது நல்லது. லாயின்க் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே பெயர் ஏன் போதாது என்று புரிந்துவிடும். இண்டியானாபொலிஸில் இருக்கும் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994ல் தொடங்கியது இது. ஒவ்வொரு கோடுக்கும் பின்னால் ஆறு விஷயம் இருக்கும். எதை அளந்தோம், எந்தத் தன்மையில் (எடையா, மோலா, எண்ணிக்கையா), எந்த நேரக் கணக்கில் (அந்த நிமிடமா, 24 மணி நேரச் சேகரிப்பா), எதிலிருந்து (சீரம், முழு ரத்தம், சிறுநீர்), விடை எப்படி வரும் (எண்ணா, பிளஸ் கணக்கா, பெயரா), எந்த முறையில்.

உங்கள் ஷீட்டில் டெஸ்ட் பெயர் இந்த ஆறில் முதலாவதை மட்டும் சொல்கிறது. யூனிட் இருந்தால் இரண்டாவது கிடைக்கும். மற்ற நான்கும் இல்லை. குளுக்கோஸை எடுத்துக்கொள்ளுங்கள். சீரம் அல்லது பிளாஸ்மாவில், மிகி கணக்கில் வந்தால் 2345-7. அதுவே மில்லிமோல் கணக்கில் வந்தால் 14749-6. சாப்பிடாமல் எடுத்தது என்றால் 1558-6. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது 1521-4. முழு ரத்தத்தில் பார்த்தது 2339-0. விரல் நுனியில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்தது 41653-7. உங்கள் ஜிஎல்யு01 இதில் எது? ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்?

கீழ்ப்பாக்கம்_லேப் எழுதியது:

பயோகெமிஸ்ட்ரி பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஜிஎல்யு01 என்று ஒரே கோடு இருந்தால் பெரும்பாலும் அது மெஷினுக்கான கோடு. எஃப்பிஎஸ் (வெறும் வயிறு), பிபிபிஎஸ் (சாப்பிட்ட பின்), ஆர்பிஎஸ் (எந்த நேரமும்) மூன்று குழாயும் அதே மெஷினில் அதே ரீஏஜென்ட்டில்தான் ஓடுகின்றன. மெஷினுக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை. வித்தியாசம் இருப்பது பில் போடும் இடத்தில். பேஷன்ட் எதற்குப் பணம் கட்டினார் என்ற வரியில்தான் "ஃபாஸ்டிங்" என்ற சொல் இருக்கும். எனவே லேபிடம் கேட்கும்போது மெஷின் டேட்டாவை மட்டும் வாங்காதீர்கள். ஆர்டர் டேபிளையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் சாம்பிள் எண்ணை வைத்து இணைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எதில் எடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். சுகருக்கு ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய் என்றால் அது பிளாஸ்மா. மற்ற டெஸ்ட்டுக்கு எடுத்த சீரத்திலேயே சுகரும் பார்த்துவிடுகிற இடங்களும் உண்டு. லாயின்க்கில் இரண்டும் ஒரே கோடில் அடங்கும். ஆனால் உண்மையில் எதில் பார்த்தார்கள் என்ற தகவலை ஆய்வில் தொலைக்கக்கூடாது. ரத்தத்தை எடுத்துப் பிரிக்காமல் வைத்திருந்தால் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மதிப்பு இறங்கும். குழாய் விவரம் அதற்காகவும் வேண்டும்.

பேராபத்து உங்கள் இரண்டாவது வரியில் இருக்கிறது. பிளட் யூரியா. இதை பியுஎன் (யூரியா நைட்ரஜன்) என்று மேப் செய்துவிடாதீர்கள், தயவுசெய்து. நம் ஊர் ரிப்போர்ட்டில் பரவலாக யூரியா முழு மூலக்கூறையே மிகியில் தருகிறோம். அமெரிக்காவில் யூரியாவில் இருக்கும் நைட்ரஜனை மட்டும் தருகிறார்கள். யூனிட் இரண்டுக்கும் ஒன்றுதான், மிகி/டெசிலி. ஆனால் யூரியாவின் எடை 60, அதில் நைட்ரஜன் 28. ஆக 2.14 மடங்கு வித்தியாசம். நம் ரிப்போர்ட்டில் 30 என்றால் அங்கே 14. யூரியாவுக்கு லாயின்க் 3091-6. யூரியா நைட்ரஜனுக்கு 3094-0. மாற்றிப் போட்டால் உங்கள் ஆய்வில் பாதிப் பேருக்குச் சிறுநீரகக் கோளாறு வந்த மாதிரி தெரியும். எந்த செக்கும் அதைப் பிடிக்காது, ஏனென்றால் யூனிட் சரியாகவே இருக்கும்.

பிடிக்க ஒரு வழி உண்டு. ரிப்போர்ட்டில் அச்சாகும் ரெஃபரன்ஸ் ரேஞ்சைப் பாருங்கள். 15 முதல் 40 என்கிற மாதிரி இருந்தால் யூரியா. 7 முதல் 20 என்கிற மாதிரி இருந்தால் நைட்ரஜன். ரேஞ்ச் இல்லாமல் டேட்டா வாங்கவே வாங்காதீர்கள்.

தரமணி_தரவு எழுதியது:

மேடம், மிக்க நன்றி. யூரியா வரியை நான் 3094-0 பக்கம்தான் தள்ளி வைத்திருந்தேன், தேடலில் அதுதான் மேலே வந்தது. ஆர்டர் டேபிள் கேட்கச் சொல்லி இன்றே லேப்களுக்கு எழுதுகிறேன்.

அம்பத்தூர்_புதுசு எழுதியது:

இந்தத் துறைக்கு நான் புதிது. ஒரு சந்தேகம். எஸ்டிடிஎம்மில் கடைசியில் எல்லா குளுக்கோஸும் எல்பிடெஸ்ட்சிடி காலத்தில் ஜிஎல்யுசி என்றுதானே போய் உட்காரப்போகிறது? அப்படியானால் நடுவில் லாயின்க்குக்கு இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? நேராகவே போட்டுவிடலாமே.

ஓஎம்ஆர்_சாஸ் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி, பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். லாயின்க் ஆறு விஷயத்தையும் ஒரே எண்ணுக்குள் கட்டிவைக்கிறது. எஸ்டிடிஎம் அதே விஷயங்களைப் பிரித்து வெவ்வேறு காலங்களில் வைக்கிறது. எல்பிடெஸ்ட்சிடி எட்டு எழுத்துக்கு மேல் போகாத ஒரு சுருக்கப் பெயர், அவ்வளவுதான். மற்ற தகவல் எல்லாம் பக்கத்துக் காலங்களில் இருக்கவேண்டும். மாதிரி எதிலிருந்து என்பது எல்பிஸ்பெக். முறை எல்பிமெத்தட். வெறும் வயிறா என்பது எல்பிஃபாஸ்ட். சாப்பாட்டுக்குப் பின் எத்தனை மணி நேரம் என்பது டைம்பாயிண்ட் காலத்தில். லேப் தந்த லாயின்க் கோடு அப்படியே எல்பிலாயின்க் காலத்தில்.

ஆக 1558-6 வந்தால் அது ஜிஎல்யுசி என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிடக் கூடாது. ஜிஎல்யுசி, சீரம் அல்லது பிளாஸ்மா, ஃபாஸ்டிங் ஆம் என்று மூன்று காலங்களில் விரியவேண்டும். நீங்கள் சொல்கிற மாதிரி நேராக ஜிஎல்யுசி போட்டால் யூரின் சுகரும் ஜிஎல்யுசிதான், ஏனென்றால் அளக்கிற பொருள் ஒன்றே. எல்பிஸ்பெக்கில் சிறுநீர் என்று இல்லாவிட்டால் புள்ளியியல் பார்ப்பவர் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடுவார்.

இன்னொன்று. இந்தப் பாதை ஒருவழி. லாயின்க்கிலிருந்து எல்பிக்குப் போகலாம். எல்பிடெஸ்ட்சிடியை மட்டும் வைத்துக்கொண்டு லாயின்க்குக்குத் திரும்ப முடியாது, பல கோடுகள் ஒரே சுருக்கப் பெயரில் வந்து சேர்கின்றன. கடைசி நேரத்தில் "எல்பிலாயின்க் காலியாக இருக்கிறது, பின்னோக்கி நிரப்பு" என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்குப் போகும் ஆய்வாக இருந்தால் 2020 மார்ச் 15க்குப் பிறகு தொடங்கியவற்றுக்கு லாயின்க் கட்டாயம். அதற்கு முன்பே, 2017ல், எஃப்டிஏவும் சிடிஸ்க்கும் ரீகன்ஸ்ட்ரீஃபும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு பரிந்துரை தந்தார்கள். அதன் அடிப்படை எண்ணம், கோடு டெஸ்ட் செய்த லேபிலிருந்து வரவேண்டும் என்பது. எனக்கு அதில் முழு உடன்பாடு.

லாயின்க்கிலிருந்து எல்பிக்கு எப்படிப் பிரிப்பது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகளுக்கு சிடிஸ்க் ஒரு மேப்பிங் ஃபைலே வெளியிட்டிருக்கிறது. இலவசம். முதலில் அதை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் இருப்பதை நீங்களாக யோசித்து மாற்றாதீர்கள். ஏ1சி (சில மாதச் சுகர் நிலையைக் காட்டும் டெஸ்ட்) மாதிரி வரிகளில் இது முக்கியம். மொத்த ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் என்று வருவது ஒரு விகிதம், அதற்கு எச்பிஏ1சிஎச்ஜிபி என்று தனிப் பெயர். எச்பிஏ1சி என்ற சின்னப் பெயரும் பட்டியலில் இருப்பதால் கை தானாக அதற்குப் போகும்.

வேளச்சேரி_ஓமாப் எழுதியது:

ஓமாப் பக்கம் நான் சொல்கிறேன். இங்கே நிலைமை வேறு. ஓமாப்பில் அளவீடுகளுக்கு லாயின்க் கோடே பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் கான்செப்ட். அதைப் பிரிப்பதில்லை, அப்படியே ஓர் எண்ணாக மாற்றுகிறோம். 2345-7க்கு கான்செப்ட் ஐடி 3004501. ஃபாஸ்டிங் 1558-6க்கு 3037110. யூரியா நைட்ரஜனுக்கு 3013682. ஓமாப் சொற்பட்டியல் இருக்கும் அதீனா தளத்தில் தேடி எடுக்கலாம், மொத்தமாக டவுன்லோடு செய்து டேபிளாகவும் வைத்துக்கொள்ளலாம்.

லாயின்க் சரியாக இருந்தால் ஓமாப் வேலை ஒரு ஜாயினில் முடிந்துவிடும். லாயின்க் தப்பாக இருந்தால் அந்தத் தப்பு அப்படியே உலகம் முழுக்கப் போகும். ஓமாப்பில் ஒரே கேள்வியை எழுதிப் பல நாட்டு மருத்துவமனை டேட்டாவில் ஓட்டுவார்கள். ஓட்டுபவர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்கப்போவதில்லை. 3013682 என்று எழுதியிருந்தால் அது நைட்ரஜன்தான் என்று நம்புவார். கீழ்ப்பாக்கம் மேடம் சொன்ன 2.14 மடங்கு அங்கே போய் எப்படி வெடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று பழக்கம் சொல்கிறேன். லேபின் சொந்தக் கோடை மெஷர்மென்ட் சோர்ஸ் வேல்யூவில் அப்படியே வைத்துவிடுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். மேப் கிடைக்கவில்லை என்றால் கான்செப்ட் ஐடியில் 0 போடுங்கள். பூஜ்யம் அவமானம் இல்லை, அது உண்மை. கிட்டத்தட்டப் பொருந்துகிற ஏதோ ஒன்றைப் போடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். மூன்றாவது, மேப்பிங் ஷீட்டில் யார் முடிவு செய்தார், எந்த லாயின்க் வெளியீட்டை வைத்து முடிவு செய்தார் என்று இரண்டு காலம் போடுங்கள். லாயின்க் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது, சில கோடுகள் கைவிடப்படுகின்றன. இரண்டு வருடம் கழித்து ஒருவர் வந்து கேட்டால் பதில் இருக்கவேண்டும்.

ஓஎம்ஆர்_சாஸ் எழுதியது:

இதோடு யூனிட் மாற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. எல்பியில் லேப் தந்த மதிப்பு ஒரு காலத்திலும், நாம் மாற்றிய ஸ்டாண்டர்ட் மதிப்பு வேறு காலத்திலும் இருக்கும். 126 மிகி/டெசிலி வந்தது, 7.0 மில்லிமோல்/லி ஆக்கினேன் என்றால் இரண்டும் அங்கே இருக்கும். அதற்காக எல்பிலாயின்க்கை 14749-6 என்று மாற்றக்கூடாது. லேப் செய்தது 2345-7, அது அப்படியே நிற்கும். ஓமாப்பில் எப்படி?

வேளச்சேரி_ஓமாப் எழுதியது:

ஓமாப்பில் மதிப்புக்கு ஒரே காலம், அதனால் கூடுதல் கவனம் வேண்டும். 3004501 என்பது எடைக் கணக்கு. அதன் கீழே மில்லிமோல் யூனிட் போட்டால் கான்செப்டும் யூனிட்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். நான் லேப் தந்த யூனிட்டையே வைக்கிறேன். மிகி/டெசிலிக்கு 8840. மாற்றவேண்டியவர் பகுப்பாய்வில் மாற்றிக்கொள்ளட்டும்.

"0.01க்குக் கீழ்" என்று வரும் ரிசல்ட்டும் இரண்டிலும் வேறுபடும். எஸ்டிடிஎம்மில் அது எழுத்துக் காலத்தில் நிற்கும், எண் காலம் காலியாக இருக்கும். ஓமாப்பில் 0.01 எண்ணாகப் போகும், "குறைவு" என்ற குறி ஆபரேட்டர் காலத்தில் தனியாக நிற்கும். ஆபரேட்டரை மறந்துவிட்டால் 0.01 என்பது அளந்து கண்ட மதிப்பு மாதிரி ஆகிவிடும்.

அம்பத்தூர்_புதுசு எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி அண்ணா. இப்போது வேறு ஒரு குழப்பம். ஒரு லேப் நல்லபடியாக லாயின்க் கோடோடு ஃபைல் அனுப்பியிருக்கிறது. திறந்து பார்த்தால் எஸ்ஜிஓடி (எஸ்ஜிபிடி மாதிரி கல்லீரல் டெஸ்ட்) வரியில் "ஆகஸ்ட்-20" என்று இருக்கிறது. சிஆர்பி (அழற்சி டெஸ்ட்) வரியில் "மே-88". எஸ்ஜிபிடி வரியில் 1742-6 என்று சரியாக இருக்கிறது. தேதி ஏன் கோடு காலத்தில் வருகிறது? லேபில் காலம் மாறிவிட்டதா?

நங்கநல்லூர்_ஷீட் எழுதியது:

காலம் மாறவில்லை, எக்செல் செய்த வேலை. எஸ்ஜிஓடிக்கு லாயின்க் 1920-8. எக்செல் அதை 1920ஆம் வருடம் எட்டாம் மாதம் என்று படித்து "ஆகஸ்ட்-20" என்று காட்டுகிறது. சிஆர்பி 1988-5, அதனால் மே-88. எஸ்ஜிபிடி 1742-6 தப்பித்ததற்குக் காரணம், எக்செல்லுக்கு 1900க்கு முன் தேதியே கிடையாது. கிரியேட்டினின் 2160-0 தப்பிக்கும், பூஜ்யமாவது மாதம் இல்லையே. ஹீமோகுளோபின் 718-7 தப்பிக்கும், மூன்று இலக்க வருடத்தை எக்செல் ஏற்காது. ஆனால் 2345-7 மாட்டும், ஏ1சியின் 4548-4 மாட்டும். சில வரி சரியாகவும் சில வரி தேதியாகவும் இருப்பதால்தான் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

ஃபைல் எக்செல் வடிவத்திலேயே இருந்தால் காப்பாற்றலாம். அந்த செல்லுக்குள் முழு வருடம் இன்னும் இருக்கும். ஃபார்மட்டை வருடம்-மாதம் என்று மாற்றினால் 1920-8 திரும்பி வரும். ஒருமுறை சிஎஸ்வியாக சேவ் ஆகிவிட்டால் போச்சு. "ஏப்ரல்-48" மட்டும் எஞ்சும், அது 4548-4ஆ 5048-4ஆ என்று யாருக்கும் தெரியாது. ஃபைலைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். இனிமேல் அந்தக் காலத்தை டெக்ஸ்ட் என்று வைத்துவிட்டு இறக்குமதி செய்யுங்கள்.

கோடு சரியா என்று பார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. கோடுக்குப் பின்னால் இருக்கும் இலக்கம் ஒரு செக் டிஜிட். 2345ஐ எடுங்கள். கடைசியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்கவேண்டும். 5 பத்தாகும், அதன் இலக்கங்களைக் கூட்டினால் 1. 4 அப்படியே. 3 ஆறாகும். 2 அப்படியே. மொத்தம் 13. அடுத்த பத்தின் மடங்கு 20, வித்தியாசம் 7. ஆக 2345-7. யாராவது கையால் தட்டி 2354-7 என்று போட்டால் இந்தக் கணக்கு பிடித்துவிடும். பத்து வரி ஸ்கிரிப்ட் போதும், எல்லா ஃபைலிலும் முதல் வேலையாக ஓட்டலாம். ஆனால் ஒன்று, இது தட்டச்சுப் பிழையை மட்டும்தான் பிடிக்கும். யூரியாவுக்கு நைட்ரஜன் கோடைப் போட்டிருந்தால் செக் டிஜிட் சரியாகவே இருக்கும்.

இழை நிர்வாகி எழுதியது:

மேலே ஒருவர் ரிப்போர்ட் படம் ஒன்றைப் போட்டிருந்தார். பேஷன்ட் பெயரும் ஃபோன் எண்ணும் தெரிந்ததால் நீக்கிவிட்டேன். மாதிரி வரி போடுவதென்றால் டெஸ்ட், யூனிட், ரேஞ்ச் மட்டும் தட்டச்சு செய்து போடுங்கள்.

குரோம்பேட்டை_ஏஐ எழுதியது:

எல்லோரும் கையால் செய்வது பற்றியே பேசுகிறீர்கள். மொழி மாடலிடம் டெஸ்ட் பெயர்களைக் கொடுத்தால் நிமிடத்தில் லாயின்க் தருகிறதே. ஆயிரக்கணக்கான வரி இருக்கும்போது ஒவ்வொன்றாக லேபிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? யூசாகி மாதிரி பொருத்தம் பார்க்கும் கருவியும் இருக்கிறது.

வேளச்சேரி_ஓமாப் எழுதியது:

யூசாகியை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். அது சொற்களின் ஒற்றுமையைப் பார்த்து வரிசைப்படுத்தித் தருகிறது. முடிவு செய்ய ஒரு ஆள் உட்கார்ந்து "ஏற்கிறேன்" என்று அழுத்தவேண்டும் என்பதுதான் அதன் வடிவமே. மாடல் தரும் கோடையும் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் கொடுத்த வரியில் இல்லாத தகவலை எந்தக் கருவியாலும் தர முடியாது. "குளுக்கோஸ், மிகி/டெசிலி" என்ற வரிக்குள் அது ஃபாஸ்டிங்கா என்ற செய்தி இல்லவே இல்லை. கருவி 2345-7 என்று சொன்னால் அது ஊகம்.

கீழ்ப்பாக்கம்_லேப் எழுதியது:

ஆயிரக்கணக்கான வரி என்று பயப்படவேண்டாம் தம்பி. டெஸ்ட் மெனுவில் எத்தனை வரி இருந்தாலும், உண்மையில் ஓடும் டெஸ்ட்களில் பெரும்பகுதி சுகர், கிரியேட்டினின், எல்எஃப்டி (கல்லீரல்), சிபிசி (ரத்த அணுக்கள்), லிப்பிட், தைராய்டு என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆய்வுக்கு வேண்டியதும் அவைதான். ரீகன்ஸ்ட்ரீஃபே அதிகம் பயன்படும் இரண்டாயிரத்துச் சொச்சம் கோடுகளைத் தனிப் பட்டியலாகத் தருகிறது. எண்ணிக்கைப்படி வரிசை போட்டு மேலிருந்து வாருங்கள். லேப் சீனியர் டெக்னீஷியன் ஒருவரோடு ஒரு மதியம் உட்கார்ந்தால் முக்கியமானவை முடிந்துவிடும். அவரிடம் ரீஏஜென்ட் பெட்டிக்குள் வரும் கிட் இன்சர்ட் தாளைக் கேளுங்கள். எஸ்ஜிபிடி பைரிடாக்சல் பாஸ்பேட் சேர்த்ததா சேர்க்காததா என்று அதில்தான் இருக்கும். சேர்த்தது என்றால் 1743-4, தெரியாவிட்டால் பொதுவான 1742-6.

லேப் ஆட்களை யாரும் மதித்துக் கேட்பதில்லை என்பது என் வருத்தம். டேட்டா கேட்டு மெயில் வரும், கோடு பட்டியல் கேட்டு மெயில் வரும். "இந்த டெஸ்டை எப்படிச் செய்கிறீர்கள்" என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சந்தோஷமாகச் சொல்வோம்.

நங்கநல்லூர்_ஷீட் எழுதியது:

பிளேட்லெட் வரியை யாரும் தொடவில்லையே. லட்சம்/கியூமிமீ என்பது நம் நாட்டு ரிப்போர்ட்டுக்கே உரிய யூனிட். யுசியுஎம் யூனிட் பட்டியலில் லட்சம் கிடையாது. 2.4 லட்சம் என்றால் 240 × 10^9/லி. 100ஆல் பெருக்கவேண்டும். வெள்ளை அணுக்கள் அதே ரிப்போர்ட்டில் 7,800/கியூமிமீ என்று வரும், அதை 1000ஆல் வகுத்தால் 7.8 × 10^9/லி. ஒரே பக்கத்தில் ஒன்றைப் பெருக்கவும் இன்னொன்றை வகுக்கவும் வேண்டும்.

யூனிட்டைக் கவனிக்காமல் 2.4ஐ அப்படியே 10^9/லி என்று ஏற்றிவிட்டால், பக்கவிளைவுகளைத் தரம் பிரிக்கும் சிடிசிஏஇ கணக்கில் 25க்குக் கீழ் என்பது நான்காம் தரம், உயிருக்கே ஆபத்து என்ற நிலை. ஆரோக்கியமாக இருப்பவருக்கு அந்த முத்திரை விழும். அதைவிட மோசம் ஒரே காலத்தில் சில லேப் லட்சத்திலும் சில லேப் ஆயிரத்திலும் அனுப்புவது. யூனிட் காலியாக இருக்கும் வரியை இறக்குமதியிலேயே நிறுத்திவிடுங்கள், பின்னால் சரி செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள்.

யூரின் சுகர் காலியாக இருப்பது மட்டும் நியாயம். "நில், +, ++" என்று வருவதற்கு யூனிட் இல்லை. ஸ்ட்ரிப்பில் பார்த்து இப்படித் தருவது 25428-4. அதே ஸ்ட்ரிப்பை மெஷினில் படித்து மிகி எண்ணாகத் தந்தால் 5792-7.

சேத்துப்பட்டு_மைக்ரோ எழுதியது:

இதுவரை பேசியது முழுக்க பயோகெமிஸ்ட்ரி, ரத்தவியல். நீரிழிவு ஆய்வில் காசநோய் ஸ்கிரீனிங்கும் இருந்தால் (சென்னையில் பல ஆய்வுகளில் இருக்கும், இரண்டும் சேர்ந்து வரும் நோய்கள்) அதை எல்பிக்குள் திணிக்காதீர்கள். சளி ஸ்மியரும் கல்ச்சரும் எம்பி டேபிளுக்குப் போகவேண்டும். கல்ச்சரில் வளர்ந்த கிருமி மேல் மருந்து வைத்துப் பார்த்த முடிவு எம்எஸ் டேபிளுக்கு. எம்எஸ்ஸில் எந்தக் கிருமி, எந்த மருந்து, என்ன செறிவு என்பதற்கெல்லாம் இடம் இருக்கிறது. எல்பியில் இல்லை.

ஜீன்எக்ஸ்பர்ட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) இன்னும் சிக்கல். ஒரு கார்ட்ரிட்ஜ், ஒரு ரிப்போர்ட் வரி: "எம்டிபி கண்டறியப்பட்டது, மீடியம், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை." இதில் குறைந்தது மூன்று செய்தி இருக்கிறது. கிருமி இருக்கிறதா, எவ்வளவு, மருந்துக்கு அடங்குமா. ஒரு கோடு ஒரு மதிப்பு என்று மேப் செய்தால் மூன்றில் இரண்டு தொலையும். முதலில் வரியைப் பிரியுங்கள், அப்புறம் கோடு தேடுங்கள். லாயின்க்கில் பேனலுக்கென்று (பல டெஸ்ட் சேர்ந்த தொகுப்பு) தனிக் கோடு இருக்கும், அதை ரிசல்ட்டுக்குப் போடக்கூடாது. சிபிசிக்கும் இதே விதிதான், 58410-2 என்பது மொத்த பேனல். ஹீமோகுளோபின் மதிப்பை அதன் கீழ் ஏற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

இதே சென்னையில் 1956ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான் வீட்டில் வைத்துத் தரும் சிகிச்சை சானடோரியத்துக்கு ஈடானது என்று 1959ல் உலகத்துக்குக் காட்டியது. அந்த முடிவு நின்றது ஸ்மியர், கல்ச்சர் பதிவுகளின் மேல். வீட்டில் இருந்தவருக்கும் ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கும் ஒரே அளவுகோலில் படித்து எழுதியதால்தான் ஒப்பிட முடிந்தது. நாம் இன்று கோடு என்று சொல்வதும் அதே வேலைக்குத்தான். ஆகவே சலித்துக்கொள்ளாமல் செய்யுங்கள்.

ஓஎம்ஆர்_சாஸ் எழுதியது:

அருமை மேடம். நம் நாட்டு மின்னணு மருத்துவப் பதிவுத் தரங்கள் 2016லேயே லாயின்க்கைச் சேர்த்துவிட்டன. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் எஃப்எச்ஐஆர் (மருத்துவத் தகவல் பரிமாற்றத் தரம்) வடிவத்தில் போகிறது. லேப் சாஃப்ட்வேர் விற்பவர்களே லாயின்க் காலத்தைத் தர ஆரம்பித்தால் இந்த இழையில் பாதிக்கு வேலை இருக்காது. அதுவரை நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

தரமணி_தரவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இடையில் ஒரு லேபுக்கு நேரில் போய்ப் பேசினேன். சீனியர் டெக்னீஷியன் அக்கா பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். ஜிஎல்யு01 ஆர்டர் டேபிளோடு சேர்ந்ததும் மூன்றாகப் பிரிந்துவிட்டது. யூரியா ரேஞ்ச் 15 முதல் 40தான், எனவே 3091-6. ஷீட்டில் இப்போது மாதிரி வகை, குழாய், முறை, ரேஞ்ச், ஆர்டர் பெயர், முடிவு செய்தவர், லாயின்க் வெளியீடு என்று காலங்கள் சேர்ந்துவிட்டன. பெயர் பொருத்த ஸ்கிரிப்ட் ஆலோசனைக் காலத்தை மட்டும் நிரப்புகிறது. செக் டிஜிட் பார்க்கும் ஸ்கிரிப்ட்டும் ஓடுகிறது.

ஒன்று மட்டும் நிற்கிறது. சில பேஷன்ட்களுக்கு பழைய கோவிட் கால ரிப்போர்ட்டிலிருந்து டி-டைமர் (ரத்த உறைவு டெஸ்ட்) ஏற்றவேண்டும். யூனிட் நானோகிராம்/மிலி. அதற்குமேல் எதுவும் இல்லை.

கீழ்ப்பாக்கம்_லேப் எழுதியது:

எஃப்இயு என்றோ டிடியு என்றோ பக்கத்தில் அச்சாகி இருக்கிறதா? எஃப்இயு கணக்கில் வரும் மதிப்பு டிடியு கணக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. முதலாவதுக்கு 48065-7, இரண்டாவதுக்கு 48066-5.

தரமணி_தரவு எழுதியது:

இல்லை மேடம். ரேஞ்ச் 500க்குக் கீழ் என்று ஒரு லேப், 250க்குக் கீழ் என்று இன்னொரு லேப்.

கீழ்ப்பாக்கம்_லேப் எழுதியது:

500 என்பது பெரும்பாலும் எஃப்இயு, 250 பெரும்பாலும் டிடியு. ஆனால் பெரும்பாலும் என்பதை வைத்துக் கோடு போடாதீர்கள். அந்தத் தேதியில் எந்த கிட் ஓடியது என்று லேபில் ரீஏஜென்ட் லாட் பதிவேடு இருக்கும், அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் கண்டிப்பாக வைத்திருப்பார்கள். தேதியைச் சொல்லிக் கேளுங்கள். பதிவேடு கிடைக்கவில்லை என்றால் வேளச்சேரிக்காரர் சொன்ன மாதிரி 0 போட்டு, ரிப்போர்ட்டில் இருந்ததை அப்படியே சோர்ஸ் காலத்தில் வைத்துவிடுங்கள். எல்பியில் எல்பிலாயின்க்கைக் காலியாக விடுங்கள்.